பண்டிகைக்கு ஒரு டிப் தட்டு: முதல்முறை செய்கிறவர்களுக்கு

முதல்முறை நான் இந்தத் தட்டைச் செய்தபோது எல்லாமே அழகாக இருந்தது, சரியாக அரை மணி நேரத்துக்கு. நடுவில் வெள்ளை வெளேரென்று தொட்டுக்கொள்ள டிப், சுற்றிலும் காய்கறிகள், ஓரத்தில் விசிறி போல உப்பு பிஸ்கட். வந்தவர்கள் உட்கார்ந்து, நலம் விசாரித்து, மெல்லக் கை நீட்டும் நேரத்தில் டிப்பின் ஓரமாக மோர் போல ஒரு வளையம் தேங்கி நின்றது. பிஸ்கட்டை எடுத்தால் உடையவில்லை, வளைந்தது. வெள்ளரித் துண்டை முக்கி எடுத்தால் டிப் அதில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அதற்குப் பிறகு பலமுறை செய்துவிட்டேன். இந்தத் தட்டில் சமைக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். தண்ணீரை எங்கெங்கே வெளியேற்றுவது, எங்கெங்கே அண்டவிடாமல் பார்த்துக்கொள்வது என்பதுதான் பாதிக்கு மேற்பட்ட வேலை. தயிரில் தண்ணீர், வெள்ளரிக்காயில் தண்ணீர், கழுவிய கீரையில் தண்ணீர். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் எதற்காக என்று தானாகப் புரியும்.

எவ்வளவு செய்வது

10 பேர் என்று வைத்துக்கொண்டு கணக்கு சொல்கிறேன். பின்னால் முழுச் சாப்பாடு இருக்கிறது என்றால் ஒருவருக்கு 6 துண்டுகள் போதும். இந்தத் தட்டுதான் சாப்பாடே என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. டிப் ஒருவருக்கு இரண்டரை அல்லது மூன்று மேசைக்கரண்டி. அதாவது 10 பேருக்கு அரை கிலோ டிப், வெட்டியபின் ஒரு கிலோ காய்கறி, இரண்டு மூன்று வகை மொறுமொறுப்பு. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் காய்கறியை அதிகமாகவும் டிப்பைக் குறைவாகவும் செய்துவிடுகிறார்கள். காய்கறி மிஞ்சினால் மறுநாள் சூப் ஆகிவிடும். டிப் தீர்ந்துபோனால் தட்டில் மிச்சம் இருப்பதை யாரும் தொடமாட்டார்கள்.

டிப்: முந்தைய நாள் வேலை

தேவையானவை: புளிக்காத முழுக்கொழுப்புத் தயிர் 750 கிராம், க்ரீம் சீஸ் 150 கிராம், பூண்டு சிறியதாக இரண்டு பல், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு அரை தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி நான்கு மேசைக்கரண்டி, புதினா ஒரு சிறு கைப்பிடி, மேலே ஊற்ற ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி.

முதலில் தயிரை வடிகட்ட வேண்டும். ஒரு பாத்திரத்தின் மேல் சல்லடையை வைத்து, அதில் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து விரித்து, தயிரைக் கொட்டுங்கள். துணியின் நுனிகளை மேலே மடித்துப் போட்டு, ஒரு தட்டால் மூடி, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சமையலறையில் வெளியே தொங்கவிட்டாலும் வடியும்தான், ஆனால் வடிகிற நேரமெல்லாம் புளித்துக்கொண்டே இருக்கும். 6 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி எடை நீராக இறங்கிவிடும். அந்த நீர் லேசான பச்சை கலந்த மஞ்சளாக இருப்பதைப் பார்த்துத் தயிர் கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள். பாலிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினின் நிறம் அது.

கடையில் கெட்டித் தயிராகவே கிடைக்கிறதே, அதை அப்படியே போட்டால் என்ன? போடலாம், ஆனால் அதையும் ஒரு இரண்டு மணி நேரம் துணியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாகத் தெரிகிற தயிரிலும் நீர் இருக்கிறது. பாலில் உள்ள புரதம் வலைபோலப் பின்னி அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் கரண்டியை விட்டுக் கலக்கும்போது அந்த வலை அறுபடும், நீர் கசியும். என் முதல் தட்டில் தேங்கிய வளையம் இப்படி வந்ததுதான்.

தயிர் வடிந்து முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது க்ரீம் சீஸை வெளியே எடுத்து வையுங்கள். ஜில்லென்று இருக்கும் க்ரீம் சீஸைத் தயிரோடு கலந்தால் சின்னச் சின்னக் கட்டியாக நிற்கும், எவ்வளவு அடித்தாலும் கரையாது. அதனால் க்ரீம் சீஸை மட்டும் தனியாக ஒரு அகலமான கிண்ணத்தில் போட்டு, மரக்கரண்டியால் கிண்ணத்தின் சுவரோடு தேய்த்துத் தேய்த்து வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வடித்த தயிரில் ஒரு கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். அது கலந்தபின் இன்னொரு கரண்டி. மொத்தமாகக் கொட்டாமல் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் வழவழவென்று வந்துவிடும். மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். பிளேடு சுற்றும் வேகத்தில் கெட்டித்தன்மை போய், ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிடும்.

பூண்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. பச்சைப் பூண்டை நசுக்கியதும் கார வாடை கிளம்புகிறது; டிப்பில் சேர்த்து ராத்திரி முழுக்க வைத்தால் அது இன்னும் தூக்கலாகிவிடும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. பூண்டை உப்போடு சேர்த்து நசுக்கும்போதே எலுமிச்சைச் சாற்றை அதில் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு டிப்பில் சேருங்கள். காரத்தை உண்டாக்கும் நொதியின் வேகத்தைப் புளிப்பு அடக்கிவிடும், பூண்டின் மணம் மட்டும் நிற்கும். பச்சைப் பூண்டே பிடிக்காது என்றால், நாலைந்து பல்லைத் தோலோடு வெறும் வாணலியில் சிறு தீயில் போட்டு, அவ்வப்போது புரட்டிவிட்டு, உள்ளே குழையும்வரை வாட்டுங்கள். தோலைப் பிதுக்கினால் வெண்ணெய் போல வெளியே வரும். அதை மசித்துச் சேர்த்தால் டிப்புக்கு இனிப்பு கலந்த ஒரு ருசி வரும். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

வெங்காயத்தாளைக் கழுவியபின் துணியில் சுருட்டி ஈரம் போக ஒற்றி எடுத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும். கூர்மையான கத்தியாக இருக்கட்டும். மொக்கைக் கத்தி தழையை நசுக்கும். சாறு கசிந்து டிப்பில் பச்சைக் கோடு கோடாக இறங்கும். வெங்காயத்தாள், மிளகு இரண்டையும் இன்றைக்கே சேர்க்கலாம். புதினா மட்டும் பரிமாறும் நாளில்தான், வெட்டி வைத்தால் கறுத்துவிடும்.

உப்பு அரை தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். க்ரீம் சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. தவிர, இப்போது சரியாகத் தெரிகிற உப்பு ராத்திரி ஊறியபின் தூக்கலாகத் தெரியலாம். மறுநாள் சுவை பார்த்துச் சேர்க்கலாம், சேர்த்ததை எடுக்க முடியாது.

சரி, பதம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு கேரட் துண்டை டிப்பின் நடுவில் செங்குத்தாகச் செருகிக் கையை விடுங்கள். நிற்க வேண்டும். உடனே சாய்ந்தால் நீர்த்திருக்கிறது என்று அர்த்தம். பிடித்து இழுக்கும்போது டிப் மொத்தமும் கேரட்டோடு சேர்ந்து எழும்பினால் ரொம்பக் கெட்டி. அசையாமல் நின்று, எடுக்கும்போது நுனியில் ஒரு சின்னக் குல்லாய் போல ஒட்டிக்கொண்டு வந்தால் அதுதான் பதம். நீர்த்திருந்தால் மறுபடி துணியில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெங்காயத்தாள் சேர்த்துவிட்டாலும் பரவாயில்லை. கெட்டியாக இருந்தால் வடித்த நீரிலேயே ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்கலாம். கட்டி தட்டியிருந்தால் சல்லடையில் தேய்த்து எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது.

மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கட்டாயம், ஒரு ராத்திரி இருந்தால் இன்னும் நல்லது. பூண்டும் வெங்காயத்தாளும் கொழுப்பில் இறங்க நேரம் வேண்டும்.

பால் பொருள் சேராதவர்கள் யாராவது வருகிறார்களா? 150 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, 100 மில்லி தண்ணீர், எலுமிச்சைச் சாறு, வாட்டிய பூண்டு, உப்பு சேர்த்து மையாக அரைத்தால் அதுவே ஒரு டிப். இதற்கு மிக்ஸி வேண்டும், தாராளமாக ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போது நீர்த்தது போலத் தெரியும், ஆறினால் இறுகிவிடும்.

காய்கறிகள்

கேரட், வெள்ளரிக்காய், இரண்டு நிறக் குடைமிளகாய், செர்ரி தக்காளி, ப்ரோக்கோலி, பீன்ஸ். இத்தனை போதும். பத்து வகை வைத்தால் நறுக்கியே களைத்துவிடுவீர்கள், தட்டும் காய்கறிக் கடை மாதிரி ஆகிவிடும்.

நீளமாக வெட்டுபவற்றைச் சுண்டுவிரல் பருமனுக்கு, 7 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முக்கு, இரண்டு கடி, முடிந்தது என்று இருக்க வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் கடித்த நுனியை மறுபடி டிப்பில் முக்குவார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பேச்சு சுவாரசியத்தில் கை தானாகப் போகும். துண்டைச் சின்னதாக வெட்டிவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை.

கேரட்டை முந்தைய நாளே வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். காற்றில் கிடந்தால் மேற்பரப்பு காய்ந்து வெள்ளை பூத்துவிடும். தண்ணீரில் கிடந்தால் இன்னும் மொறுமொறுப்பாகும். குடைமிளகாயை வெட்டி, ஒரு துணியோடு டப்பாவில் போட்டு மூடினால் போதும், தண்ணீர் வேண்டாம். செர்ரி தக்காளியைக் கழுவித் துடைத்து முழுசாகவே வையுங்கள்.

வெள்ளரிக்காயைப் பரிமாறும் நாளில்தான் வெட்ட வேண்டும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் விதைப்பகுதியைத் தேக்கரண்டியால் ஒரே இழுப்பாகச் சுரண்டி எறியுங்கள். நீர் அதிகமாகக் கசிவது அந்த வழவழப்பான பகுதியில்தான். வெட்டியபின் உப்பு தூவவே வேண்டாம். உப்பு பட்ட ஐந்து நிமிடத்தில் தட்டில் குளம் கட்டிவிடும்.

ப்ரோக்கோலியையும் பீன்ஸையும் பச்சையாக வைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, மாடு மாதிரி மென்றுகொண்டிருக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டுத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பக்கத்திலேயே ஐஸ் போட்ட தண்ணீரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், தேடி எடுக்க அப்போது நேரம் இருக்காது. ப்ரோக்கோலி ஒரு நிமிடம், பீன்ஸ் இரண்டு நிமிடம். போட்ட சில நொடிகளில் நிறம் சட்டென்று பளிச்சிடும். திசுக்களுக்கு இடையே இருக்கும் காற்று வெளியேறுவதால் உள்ளே இருக்கும் பச்சை தெளிவாகத் தெரிகிறது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்றால் சில நிமிடங்களில் மங்கி, பாசி நிறத்துக்குப் போய்விடும். எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். எலுமிச்சைச் சாற்றையும் இவற்றின் மேல் முன்கூட்டியே பிழிந்து வைக்காதீர்கள், புளிப்பு பட்டாலும் பச்சை மங்கும்.

ஆறியதும் வடிகட்டி, உலர்ந்த துணியில் பரப்புங்கள். ப்ரோக்கோலியை மட்டும் பூ கீழே, காம்பு மேலே என்று கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தச் சின்னச் சின்ன மொட்டுகளுக்கு நடுவே எவ்வளவு தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்பது, அரை மணி கழித்து அதைத் தூக்கித் துணியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். நேராக வைத்த ப்ரோக்கோலி டிப்பில் முங்கும்போதுதான் அந்தத் தண்ணீரை விடும்.

பழம் வைக்க ஆசை என்றால் திராட்சை எளிது. ஆப்பிள் வெட்டினால் பழுப்பாக நிறம் மாறும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

மொறுமொறுப்புக்கு

உப்பு பிஸ்கட்டை வாங்கி வைத்தாலே போதும். வீட்டில் ரொட்டி இருந்தால் மெலிதாகச் சீவி, இருபுறமும் லேசாக எண்ணெய் தடவி, 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி, காயவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் தோசைக்கல்லில் சிறு தீயில் வாட்டலாம். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். கொஞ்சம் சூடு மிச்சமிருந்தாலும் உள்ளே ஆவி படிந்து நமுத்துவிடும். சீஸ் துண்டுகள், ஆலிவ், வறுத்த பாதாம் எல்லாம் உங்கள் விருப்பம். ஆலிவை மட்டும் வடித்துத் துடைத்து, ஒரு குட்டிக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள், அந்த உப்புநீர் தட்டெல்லாம் ஓடும்.

அடுக்குவது

விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஆரம்பியுங்கள். 10 பேருக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு அல்லது பலகை வேண்டும். ஒரே பெரிய தட்டு இல்லையென்றால் இரண்டாகப் பிரித்து மேசையின் இரு கோடியில் வைப்பது இன்னும் நல்லது, எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ள மாட்டார்கள்.

டிப் கிண்ணத்தைத்தான் முதலில் வைக்க வேண்டும். காலிக் கிண்ணமாக வையுங்கள், டிப் இன்னும் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். அடுத்து அதிக இடம் பிடிக்கிறவை: ப்ரோக்கோலி, கேரட், சீஸ். பிறகு குடைமிளகாய், பீன்ஸ், வெள்ளரி. மிச்சமிருக்கும் சந்துகளில் தக்காளி, திராட்சை, பாதாம். வரிசையாகப் படுக்க வைத்தால் அலுவலகக் கூட்டத்துக்குக் கொண்டுவந்த டப்பா போல இருக்கும். கைப்பிடியாக அள்ளி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்படி குவியுங்கள். பச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை வராமல் பார்த்துக்கொண்டாலே தட்டு எடுப்பாக இருக்கும்.

பண்டிகைக் களை வர எனக்குப் பிடித்த அமைப்பு வளையம். மலர்வளையம் என்று சொல்ல வாய் வரவில்லை, வளையம் என்றே வைத்துக்கொள்வோம். நடுவில் டிப் கிண்ணம், அதைச் சுற்றி இடைவெளி தெரியாமல் ப்ரோக்கோலி, அதன் மேல் அங்கங்கே செர்ரி தக்காளி, மஞ்சள் குடைமிளகாயில் வெட்டிய இரண்டு மூன்று நட்சத்திரங்கள். கேரட்டும் வெள்ளரியும் வெளிச்சுற்றில். பச்சை, சிவப்பு, மஞ்சள் மூன்றும் சேர்ந்ததும் வேறு அலங்காரமே தேவைப்படாது. பளபளப்புத் தாள், ஜிகினா, பெயர் தெரியாத இலை, காய் எதையும் தட்டில் செருகாதீர்கள். பண்டிகை அலங்காரத்துக்குப் பயன்படும் ஹாலி செடியின் சிவப்புப் பழங்கள் பார்க்க அழகு, ஆனால் வயிற்றுக்கு நஞ்சு. தட்டில் இருப்பதையெல்லாம் சாப்பிடலாம் என்றுதான் குழந்தைகள் நினைப்பார்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று வேலை. டிப்பைச் சுவை பார்த்து, உப்பு சரிசெய்து, புதினாவை நறுக்கிக் கலந்து கிண்ணத்தில் நிரப்புங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் மேலே ஒரு சுழி போட்டு, அந்தப் பள்ளத்தில் ஆலிவ் எண்ணெயும், மேலே மிளகும், கொஞ்சம் மாதுளை முத்துக்களும். மூன்றாவது, பிஸ்கட்டும் ரொட்டியும். இவற்றை எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஈரமானவற்றைத் தொடாத தூரத்தில், முடிந்தால் தனிக் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள்.

மேசைக்கு வந்தபிறகு

பால் சேர்ந்த டிப்பும் வெட்டிய காய்கறிகளும் சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியில் 32 டிகிரியைத் தாண்டிய வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பேச்சு நீளும் வீடுகளில் இந்தக் கணக்கு பிசகிவிடும். அதனால் நான் டிப்பை இரண்டு கிண்ணமாகப் பிரித்து, ஒன்றை மேசையிலும் ஒன்றை ஃப்ரிட்ஜிலும் வைக்கிறேன். முதல் கிண்ணம் கலைந்து, துணுக்குகள் மிதக்க ஆரம்பிக்கும்போது அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் தட்டு மறுபடி உயிர் பெற்றது போல இருக்கும்.

யாருக்கு எது ஒவ்வாது என்று முன்பே கேட்டுவிடுங்கள். பால், கோதுமை, முந்திரி, பாதாம், எள் இந்த ஐந்தைக் கேட்டாலே பெரும்பாலும் போதும். முந்திரி டிப் வைத்தால் அதன் அருகில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள், கரண்டியும் தனியாக இருக்கட்டும். வெள்ளை டிப் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வருகிறார்கள் என்றால் திராட்சையையும் செர்ரி தக்காளியையும் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், முழுப் பாதாமை அவர்கள் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்துங்கள். உருண்டையாக, வழுக்கலாக இருப்பவைதான் தொண்டையில் சிக்குபவை.

எல்லோரும் போனபின் மேசையில் நீண்ட நேரம் இருந்த டிப்பைக் கொட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜிலேயே இருந்த இரண்டாவது கிண்ணம் மிஞ்சினால் மூன்று நாள் தாங்கும். ரொட்டிக்குள் தடவி, மேலே இரண்டு வெள்ளரி வில்லையை வைத்து மறுநாள் காலை சாப்பிட்டுப் பாருங்கள். தயிரில் வடித்த நீரைக் கொட்டாமல் வைத்திருந்தீர்கள் அல்லவா? சப்பாத்தி மாவு பிசைய, தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றினால் மாவு மிருதுவாக வரும்.